வண்டியை உயர்த்திய பின் பின்பக்க ஷாஃப்டில் அதிர்வு: ஆப்புத் தகடு வைத்தும் தீரவில்லை

கேள்வி: பொகவந்தலாவைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 88 அங்குல அக்சலிடைத் தூரமுள்ள சீரீஸ் 3 லேண்ட் ரோவர். ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் ஓடி, ஏலத்தில் விலைபோய், இரண்டு கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணிக்குச் சாமான் ஏற்றுவதும், மற்றைய மாதங்களில் மேல் டிவிஷன்களுக்கு உரமும் கோழித்தீவனமும் கொண்டுபோவதுமே அதன் வேலை. மழைக்குப் பிறகு தோட்டத்து வீதிகளில் சில்லுத் தடம் ஆழமாகி நடுமேடு எழும்பிவிடுவதால் டிஃபரன்ஷியலின் (அக்சலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) அடிப்பகுதி அடிக்கடி இடிபட்டது. அதற்காகப் பழைய 6.00-16 டயர்களுக்குப் பதிலாக 7.50-16 டயர்களைப் போட்டேன். அவை மடக்குத் திருப்பங்களில் உரசியபடியால் வண்டியை உயர்த்த வேண்டியதாயிற்று.

உயரமான பரபோலிக் ஸ்பிரிங்குகளால் 2 அங்குலமும், 2 அங்குலம் நீளம் கூடிய ஷேக்கல்களால் (ஸ்பிரிங்கின் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் தகடுகள்) இன்னும் ஓர் அங்குலமுமாக மொத்தம் 3 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். வேலையைச் செய்த கராஜ் எது என்று இங்கே எழுத விரும்பவில்லை. வண்டியை எடுத்து வந்த முதல் நாளிலேயே, 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியவுடன் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு முரல் கிளம்பியது. திரும்பக் கொண்டுபோனபோது, பினியனின் (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து பூட்டும் தண்டு) மூக்கு ட்ரான்ஸ்பர் கேஸை (எஞ்சினின் சுழற்சியை ஷாஃப்ட்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) நேராகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பின் அக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் 4 பாகை ஆப்புத் தகடுகளை வைத்துக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக் காணொளிகளிலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பின்னர் அதிர்வு குறையவில்லை, கூடிவிட்டது.

அதன் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும்போது, மூன்றாம் கியரில் எக்சலரேட்டரை நன்றாக மிதித்தால் முரல் மிகவும் பலமாகக் கேட்கிறது. பக்க ஆசனத்தில் வைத்த தண்ணீர்ப் போத்தலில் நீர் சிலிர்க்கிறது. காலை எடுத்தவுடன் பாதியாகக் குறைகிறது. அதே பாதையில் இறங்கும்போது, எஞ்சினின் பிடியில் வண்டி உருளும்போது ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் ஆடவில்லை. ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்து சுற்ற இடம்விடும் யூனிவர்சல் ஜொயின்ட்கள் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் வாங்கிவந்த சாமான்கள், மலிவானவை அல்ல. அடுத்து எதைக் கழற்றுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இராகலை ஜீப்

முதலில் சில்லுகளைக் கழுவிப் பாருங்கள். இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். சென்ற வருடம் எனது வண்டியிலும் உயர்த்திய மறுவாரமே நடுக்கம் வந்து, ஷாஃப்டைக் கழற்றி இரண்டு முறை லேத் கடைக்கு அனுப்பினேன். கடைசியில் பார்த்தால், பின் ரிம்மின் உட்புறத்தில் செம்மண் சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து கட்டிபிடித்திருந்தது. அகலமான டயர் போட்டால் ரிம்மின் உட்குழியில் சேறு தங்குவதும் கூடும். ஓர் ஆணியால் சுரண்டி எடுத்ததில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய மண் வந்தது. அத்தோடு நடுக்கமும் போயிற்று. அதுவும் இல்லையென்றால் 7.50 டயர்களைச் சமநிலைப்படுத்திப் பாருங்கள்.

மறுமொழி: ஹட்டன் பழைய பாஸ்

இராகலைத் தம்பி சொல்வது தவறல்ல, சேற்றைப் பார்க்காமல் ஷாஃப்டில் கை வைக்கக் கூடாது என்பதே எனது பழக்கமும். ஆனால் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கும் குணம் சில்லினுடையதல்ல. சில்லுச் சமநிலை கெட்டிருந்தால், ஏறினாலும் இறங்கினாலும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அது தலைகாட்டும். எக்சலரேட்டரை மிதிப்பதாலோ விடுவதாலோ பெரிதாக மாறாது. உங்கள் வண்டியில் சுமை ஏறும்போது கூடி, சுமை விலகும்போது குறைகிறது. அப்படியென்றால், சுமையால் அசையக்கூடிய ஏதோ ஒன்று நோயில் பங்கெடுக்கிறது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் அது பினியனின் மூக்குதான். முன்னோக்கி இழுக்கும்போது அக்சல் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டு மூக்கை மேலே தூக்கும்; எஞ்சின் பிடியில் இறங்கும்போது மூக்கு கீழே தாழும். உங்கள் வண்டி, மூக்கு உயர்ந்தால் அழுகிறது, தாழ்ந்தால் அமைதியாகிறது. ஏற்கெனவே அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது என்பதையே அது உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கணக்கிலும் பிரித்துப் பார்க்கலாம். 7.50-16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மீற்றர். மணிக்கு 45 கிலோமீற்றரில் சில்லு வினாடிக்கு 5 தடவை சுற்றும். சீரீஸ் 3 வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.7 ஆகையால், ஷாஃப்ட் வினாடிக்கு 23 அல்லது 24 தடவை சுற்றும். சில்லில் பிழை என்றால் வினாடிக்கு ஐந்து அடி. அதை ஏறக்குறைய எண்ணிவிடலாம். ஷாஃப்டின் சமநிலை கெட்டிருந்தால் வினாடிக்கு 23, 24. ஜொயின்ட் கோணத்தில் பிழை என்றால் அதன் இரட்டிப்பு, அதாவது 47. அது அடியாகத் தெரியாது, முரலாகத்தான் காதில் விழும். நீங்கள் முரல் என்ற சொல்லையே எழுதியிருக்கிறீர்கள். அதிர்வு அளக்கும் செயலி கைத்தொலைபேசிகளுக்குக் கிடைக்கிறது. போனை ஆசனப் பெட்டியின் இரும்பின் மேல் இறுக்கி வைத்து, 45இல் ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணின் அருகில் முனை எழுகிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது.

ஏன் இரட்டிப்பு என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆப்புத் தகட்டை வைத்தவர்கள் அதை விளங்கிக்கொள்ளாமல்தான் வைத்திருக்கிறார்கள். யூனிவர்சல் ஜொயின்ட் நேராக இருக்கும்போது, ஒரு பக்கம் சுற்றும் வேகத்திலேயே மறுபக்கமும் சுற்றும். வளைந்து நிற்கும்போது அப்படியல்ல. உள்ளே வருகிற வேகம் ஒரே சீராக இருந்தாலும், வெளியே போகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை கூடி இரண்டு தடவை குறையும். 12 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 2 பங்குக்குச் சற்று மேல். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், அந்தக் கனத்த இரும்புக் குழாயை வினாடிக்கு 47 தடவை இழுத்து நிறுத்துவதற்குச் சமம் அது. பிறகு எப்படி இத்தனை வண்டிகள் அமைதியாக ஓடுகின்றன? முன் ஜொயின்ட் செய்த குற்றத்தைப் பின் ஜொயின்ட் அதே அளவு எதிர்த்திசையில் செய்து நேர்ப்படுத்திவிடுகிறது. அதற்கு நிபந்தனை இரண்டு: இரு ஜொயின்ட்களின் வளைவும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் (ஜொயின்ட்டைப் பிடிக்கும் இரு கிளைப் பிடிகள்) ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

வளைவு ஒரே அளவாக இருக்க வேண்டுமென்றால், ட்ரான்ஸ்பர் கேஸின் வெளித் தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்று மேலே, மற்றொன்று கீழே, ஆனால் இரண்டும் ஒரே சரிவில், ஏணியின் இரு படிகளைப் போல. பினியன் ட்ரான்ஸ்பர் கேஸை நேராகப் பார்க்க வேண்டும் என்ற விதி பொய்யல்ல, ஆனால் அது வேறொரு ஷாஃப்டுக்கு உரியது. ட்ரான்ஸ்பர் கேஸ் முனையில் இரண்டு ஜொயின்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்துச் செய்யப்படும் இரட்டை ஜொயின்ட் ஷாஃப்டில், அந்த இரண்டும் தமக்குள்ளேயே குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளும். ஆகவே பின் ஜொயின்ட்டை நேராக வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் உயர்த்தப்படும் ரேங்லர் ஜீப்புகளுக்கு அப்படிப்பட்ட ஷாஃப்டைப் போடுவது வழக்கம்; நீங்கள் பார்த்த காணொளிகள் அவற்றைப் பற்றியவையாக இருக்கலாம். உங்கள் வண்டியில் இருப்பது முனைக்கொரு ஜொயின்ட் உள்ள சாதாரண ஷாஃப்ட். அதில் பினியனை நிமிர்த்தினால் பின் ஜொயின்ட்டின் வளைவு குறையும், முன் ஜொயின்ட்டின் வளைவு அப்படியே நிற்கும். ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகும்.

எனவே எதையும் வாங்காதீர்கள், எதையும் கழற்றாதீர்கள், முதலில் அளந்து எழுதுங்கள். வண்டியைச் சமதரையில், வழக்கமான சுமையோடு, நான்கு சில்லிலும் நிற்கவைத்து அளக்க வேண்டும். ஜாக்கி அடித்துத் தூக்கினால் அக்சல் தொங்கி எல்லா அளவும் பொய்யாகிவிடும். ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கும் ஹேண்ட் பிரேக் டிரம்மின் தட்டையான முகம் வெளித் தண்டுக்குச் செங்குத்தானது. அதைத் துடைத்துவிட்டு, கோணம் காட்டும் ரசமட்டத்தையோ போனையோ அதில் ஒட்டிவைத்துச் சரிவை எடுங்கள். ஷாஃப்டின் குழாயில் ஒரு தடவை, பினியன் பிளேஞ்சின் (ஷாஃப்ட் பூட்டப்படும் தட்டு) முகத்தில் ஒரு தடவை. மூன்று எண்கள் போதும். அத்தோடு இரு முனைக் கவைகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பின்னால் படுத்துப் பாருங்கள். ஜொயின்ட் மாற்றுவதற்காகக் கழற்றியவர்கள், ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இடம்விடும் நழுவு முனையைப் பிரித்துக் கிறீஸ் போட்டுவிட்டு, ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கலாம். நானே எனது இளமையில் அப்படிச் செய்து, முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மறுமொழி: பொகவந்தலாவைக்காரன்

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு பொறுமையாக இதுவரை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரிம்களைச் சுரண்டினேன், மண் கொஞ்சம் வந்தது, மாற்றம் ஒன்றும் இல்லை. போன் செயலி 45இல் 46க்கும் 48க்கும் இடையில் ஒரு கூரிய முனையைக் காட்டியது. 5இலும் 23இலும் சிறு மேடுகள் மட்டுமே.

இங்கே சமதரை தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வீட்டு முற்றமும் சரிவு, வீதியும் சரிவு. கடைசியில் கோவில் முன்றலில் அனுமதி கேட்டு நிறுத்தி, உர மூட்டை நான்கை ஏற்றிக்கொண்டு அளந்தேன். ட்ரான்ஸ்பர் கேஸ் தண்டு பின்னோக்கி 3 பாகை சரிகிறது. ஷாஃப்ட் 15 பாகை சரிகிறது. பினியன் தண்டின் சரிவு 9 பாகை, அதாவது மூக்கு 9 பாகை மேலே நிமிர்ந்திருக்கிறது. கவைகள் நேர்கோட்டில்தான் உள்ளன. குழாயில் இருந்த அம்புக்குறிகளும் பொருந்துகின்றன.

ஒரு சந்தேகம். ஆப்புத் தகடு 4 பாகைதான். அதைக் கழித்தால் பினியன் 5 பாகையில் நிற்கிறது. ட்ரான்ஸ்பர் கேஸ் 3இல் இருக்கும்போது, மிச்சம் 2 பாகை எங்கிருந்து வந்தது? உயர்த்துவதற்கு முன்னர் இரண்டும் இணையாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

மறுமொழி: ஹட்டன் பழைய பாஸ்

நல்ல கேள்வி. அந்த 2 பாகை உங்கள் நீளமான ஷேக்கலின் வேலை. பின் ஸ்பிரிங்கின் முன்கண் சட்டகத்தோடு நிலையாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஷேக்கல் பின்கண்ணில்தான் இருக்கிறது. நீளத்தை 2 அங்குலம் கூட்டினால் பின்கண் மட்டும் 2 அங்குலம் தாழும். ஸ்பிரிங் ஏறத்தாழ 4 அடி நீளம் என்று வைத்தால், 48 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்பது 2 பாகைக்குச் சற்று மேற்பட்ட சரிவு. ஸ்பிரிங்கின் பின்புறம் தாழ்ந்தால் அதன்மேல் கட்டப்பட்ட அக்சலும் பின்னோக்கிச் சாய்ந்து, மூக்கு அதே அளவு நிமிரும். ஷேக்கல் மலிவான வழி, அதனால் எல்லோரும் செய்கிறார்கள். இது அதற்கு நாம் கொடுக்கும் வட்டி.

இனி உங்கள் எண்களைப் பாருங்கள். முன் ஜொயின்ட்டின் வளைவு 15இலிருந்து 3 போக 12 பாகை. பின் ஜொயின்ட்டின் வளைவு 15இலிருந்து 9 போக 6 பாகை. பார்வைக்கு 6 பாகை அழகாகத் தெரியும். கராஜில் அதைக் காட்டித்தான் உங்களைத் திருப்திப்படுத்தியிருப்பார்கள். ஆனால் தீர்க்கப்படாமல் மிஞ்சுவது 12இன் வர்க்கத்திலிருந்து 6இன் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலம். 144இலிருந்து 36 போக 108, அதன் மூலம் 10.4. வேறு வகையில் சொன்னால், 10.4 பாகை வளைந்த ஒற்றை ஜொயின்ட் தன்னந்தனியாகச் சுற்றுவதற்குச் சமமான குலுக்கல். இந்த மிச்சம் 3 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஷாஃப்ட் வேலை செய்பவர்களின் வழக்கமான கணக்கு. ஏற்றத்தில் மூக்கு இன்னும் நிமிரும்போது பின் வளைவு 6இலிருந்து 4க்கு இறங்கினால் மிச்சம் இன்னும் கூடும். அதனால்தான் நோர்வூட் ஏற்றத்தில் தண்ணீர்ப் போத்தல் சிலிர்த்தது.

ஆப்புத் தகட்டை எடுத்துவிடுங்கள். அது அலுமினியத் தகடா, உருக்கா? அலுமினியமாக இருந்தால் எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். சுமை வண்டியில் அது நசுங்கிப் பிளந்து, அக்சலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட் தளர்ந்து அக்சல் நகர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். நீளமான ஷேக்கல்களையும் எடுத்துவிட்டுப் பழையவற்றையே பூட்டச் சொல்வேன். ஷாஃப்ட் ஏறத்தாழ 2 அடி நீளம். ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் அதன் சரிவில் 2 பாகைக்கு மேல் கூடுகிறது. ஓர் அங்குலத்தை விட்டுக்கொடுத்தால் 15 என்பது பன்னிரண்டரையாக இறங்கும். இரு முனையிலும் வளைவு ஒன்பதரையாகச் சமப்படும்.

சமப்படுத்தினால் மட்டும் போதாதா, ஏன் உயரத்தையும் குறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரு ஜொயின்ட்களும் ஒன்றையொன்று தீர்த்தாலும், நடுவிலுள்ள ஷாஃப்ட் குழாய் தன்பாட்டில் வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் சுற்றுகிறது. அந்தச் சுமை ஜொயின்ட்டின் ஊசி பேரிங்குகளில் விழும். ஆகவே வேகத்துக்கேற்ப வளைவுக்கு ஓர் எல்லை உண்டு: ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும்போது 11½ பாகை, 2000 சுற்றில் ஏறத்தாழ 8½ பாகை, 3000 சுற்றில் 6 பாகைக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 60 கிலோமீற்றரில் உங்கள் ஷாஃப்ட் 1900க்குக் கிட்டப் போகும். மலையில் ஓடும் வண்டிக்கு ஒன்பதரை பொறுக்கும், 12 பொறுக்காது.

இன்னுமொன்று, மறந்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னால் அந்த டிரம்மில்தான் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிய கணத்திலிருந்து, ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பின் சில்லுகளுக்கு அது ஒன்றும் செய்யாது. சரிவில் நிறுத்திய வண்டிக்கு அடியில் படுத்து அந்த நான்கு போல்ட்களையும் கழற்றினால், கடைசிப் போல்ட்டோடு வண்டியும் கிளம்பிவிடும். கோவில் முன்றலிலேயே, நான்கு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மறுமொழி: வெலிமடை ஜிம்னி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனது ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தியபின் இதே முரல் வந்தது. ஆனால் அதில் பட்டை ஸ்பிரிங் இல்லை, சுருள் ஸ்பிரிங். ஷேக்கலும் இல்லை, ஆப்பும் இல்லை. அப்படியிருக்கப் பினியன் எப்படி நிமிர்ந்தது?

மறுமொழி: ஹட்டன் பழைய பாஸ்

உங்கள் வண்டியில் பின் அக்சலைப் பிடித்திருப்பவை, அதிலிருந்து முன்னோக்கிப் போய்ச் சட்டகத்தில் பூட்டப்பட்ட இரு நீளமான கைகள். வண்டி உயர்ந்தால் அந்தக் கைகளின் பின்முனை தாழும். கையோடு அக்சலும் சுழன்று மூக்கு நிமிரும். எனவே சுருள் ஸ்பிரிங் வண்டியில், யாரும் ஒன்றும் செய்யாமலே, உயர்த்துதல் என்ற வேலையே ஆப்புத் தகட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. துளை மையம் விலகிய புஷ்களைக் கைகளின் அக்சல் முனையில் போட்டு மூக்கைத் திரும்பத் தாழ்த்தலாம். மற்றொரு வழியும் உண்டு: ஜிம்னியின் ட்ரான்ஸ்பர் கேஸ் கியர் பொக்ஸிலிருந்து பிரிந்து தனியாகத் தொங்குகிறது, அதைத் துண்டு வைத்துச் சற்றுக் கீழிறக்கிப் பின் ஷாஃப்டின் சரிவைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்போது கியர் பொக்ஸிலிருந்து வரும் குட்டி ஷாஃப்டில் புதிய வளைவு பிறக்கும் என்பதால், அதை நான் இரண்டாம் தெரிவாகவே வைப்பேன்.

முன்பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே கைகள் பின்னோக்கி நீள்வதால், உயர்த்தும்போது காஸ்டர் கோணம் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. அதனால் ஒரு குழியில் விழுந்தவுடன் ஸ்டியரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறத் தொடங்கும். பலர் அதையும் ஷாஃப்ட் அதிர்வு என்று நினைத்து ஷாஃப்டுக்குப் பணம் செலவழிக்கிறார்கள். உங்களுடையது கையில் உதறுகிறதா, ஆசனத்தில் முரலுகிறதா என்பதை முதலில் பிரித்துச் சொல்லுங்கள்.

மறுமொழி: கண்டி லேத்காரன்

ஷாஃப்ட் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. உயரத்தைக் குறைக்க மனம் வராதவர்கள் இரட்டை ஜொயின்ட் ஷாஃப்ட் செய்து தரச் சொல்லி வருகிறார்கள். 88 அங்குல லேண்ட் ரோவருக்கு நான் அதை இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை. பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டையானது. இரட்டை ஜொயின்ட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால், நழுவு முனைக்கு இடம் மிஞ்சாது. ஹேண்ட் பிரேக் டிரம்மும் வழியில் நிற்கிறது. நீளமான 109 அங்குல வண்டி என்றால் வேறு கதை.

பொகவந்தலாவை நண்பர் நழுவு முனையையும் பார்த்துவிட வேண்டும். வண்டியை உயர்த்தினால் இரு பிளேஞ்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் நீளும். நழுவு முனையிலுள்ள பல்வெட்டுத் தண்டான ஸ்பிளைன் அதற்கேற்ப வெளியே வரும். உள்ளே பிடித்திருக்கும் நீளம் குறைந்தால், பற்கள் தேயாத ஷாஃப்டும் நடுவில் ஆடும். வண்டி தன் எடையில் நிற்கும்போது ஸ்பிளைனில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டகத்தைத் தூக்கி அக்சலை முழுதாகத் தொங்கவிட்டு, கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். தொங்கும் நிலையிலேயே ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது கவையும் கவையும் முட்டினால் அந்த இடத்தில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் தெரியும். அது அதிர்வைவிட ஆபத்தானது, ஒரு நாள் ஜொயின்ட்டை உடைத்துவிடும். கழற்றிப் பூட்டும்போது பழைய நைலொக் நட்களைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். விலை சொற்பம்.

ஷாஃப்டை மெஷினில் சமநிலைப்படுத்தக் கொண்டுவரலாமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்கள் முனை 47இல் எழுந்தது, 23இல் அல்ல. கோணத்தில் இருக்கும் பிழையை எந்த மெஷினாலும் போக்க முடியாது. பணம் எனக்கு வரும், முரல் உங்களோடு இருக்கும்.

மறுமொழி: பொகவந்தலாவைக்காரன்

இரண்டு வாரத்துக்குப் பின் எழுதுகிறேன், தொடர் மழையால் வேலை தள்ளிப்போயிற்று. ஆப்புத் தகடுகள் அலுமினியம்தான். வலது பக்கத் தகட்டில், நடுப் போல்ட் துளையிலிருந்து விளிம்புவரை தலைமயிர் போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தகட்டுக்காக அவர்கள் நீளமான நடுப் போல்ட் போட்டிருந்தபடியால், அதையும் பழைய அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஷேக்கல்களைக் கோழிக்கூட்டின் கதவுக்குப் பாரமாகத் தொங்கவிட்டிருந்தேன். அவற்றை மீட்டுப் புதுப் புஷ் போட்டுப் பூட்டினேன்.

இப்போதைய அளவு: ட்ரான்ஸ்பர் கேஸ் 3, ஷாஃப்ட் 12½, பினியன் 3க்கும் இரண்டரைக்கும் இடையில். அரைப் பாகையைச் சரிசெய்யவா என்று யோசித்தேன்.

வண்டியை அவிசாவளைவரை இறக்கிப் பார்த்தேன், ஏனென்றால் அதற்கு மேலே 60ஐத் தொட்டு நிலையாக ஓட்ட எனக்கு ஒரு நீண்ட நேர்ப்பாதை கிடைப்பதில்லை. 40இல் கிளம்பிய முரல் இல்லை. 65க்கு மேல் காலடித் தகட்டில் மெல்லிய ஒரு சிலிர்ப்பு இருக்கிறது, ஆசனம்வரை வருவதில்லை. திரும்பி வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன். போத்தல் அசையவில்லை. ஓர் அங்குலம் குறைந்ததால் முன் டயர் முழுத் திருப்பத்தில் மறுபடியும் இலேசாக உரசுகிறது. ஸ்டியரிங் நிறுத்துப் போல்ட்டை ஒரு சுற்று வெளியே எடுத்துச் சரிசெய்துகொண்டேன். மடக்குத் திருப்பங்களில் ஒரு தடவை கூடுதலாகப் பின்னெடுக்க வேண்டியிருக்கிறது.

மறுமொழி: ஹட்டன் பழைய பாஸ்

அரைப் பாகையைத் தொடாதீர்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் மூக்கு இணைநிலைக்கு ஒரு பாகை தாழ்ந்திருந்தால்கூட நல்லதே. ஏற்றத்தில் இழுக்கும்போது அது தானாக நிமிர்ந்து இணையாகிவிடும். உங்கள் பரபோலிக் ஸ்பிரிங்கில் பட்டைகள் குறைவு, பழைய ஸ்பிரிங்கைவிடச் சற்று அதிகமாகவே முறுக்கும். 65க்கு மேலுள்ள சிலிர்ப்பு அந்த ஒன்பதரை பாகையின் பங்கு; அதோடு வாழலாம். யு போல்ட்களை முதல் 500 கிலோமீற்றரில் ஒரு தடவை சுமையோடு நிறுத்தி இறுக்கிவிடுங்கள், புதுப் பூட்டு கட்டாயம் தளரும். ஜொயின்ட் இரண்டுக்கும் நழுவு முனைக்கும் மாதமொரு தடவை கிறீஸ் அடியுங்கள். நல்லதண்ணிப் பருவத்தில் ஆற்றுக்குள் இறங்கினால் அன்று மாலையே அடியுங்கள்.

மறுமொழி: வெலிமடை ஜிம்னி

எனது வண்டியில் முரல் ஆசனத்தில்தான், கையில் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ரசமட்டத்தோடு அடியில் படுக்கப் போகிறேன். சமதரைக்கு இங்கே விளையாட்டு மைதானம் ஒன்று இருக்கிறது. மூன்று எண்களையும் இங்கேயே எழுதுகிறேன்.